வீட்டிலேயே மழலையர் வகுப்பு: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சியில் இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. என் மகனை இரண்டே முக்கால் வயது முதல் ஐந்து வயது வரை எந்தப் பள்ளிக்கும் அனுப்பாமல் விளையாட்டின் வழியாகவே வீட்டில் பழக்கினேன். வாரத்தில் மூன்று நாள் காலையில் எதிர்வீட்டுச் சிறுமியும் கீழ்வீட்டுப் பையனும் வந்து சேர்ந்துகொள்வார்கள். நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவள் அல்லள். அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். பூங்காவிலும் கல்யாண வீடுகளிலும் என்னைப் பிடித்து நிறுத்திப் பெற்றோர்கள் கேட்ட கேள்விகளையும், அவசரத்தில் நான் அரைகுறையாகச் சொன்ன பதில்களின் முழு வடிவத்தையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?

ஒன்றும் வாங்காதீர்கள். நான் வாங்கினேன், அதனால் சொல்கிறேன்.

கரும்பலகை, சுவரில் மாட்டும் எழுத்து அட்டைகள், பிளாஸ்டிக் மேசை நாற்காலி, ஆங்கில எழுத்துகள் பொறித்த ரப்பர் விரிப்பு என்று ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைச் செலவழித்தேன். கால அட்டவணைகூட எழுதி ஒட்டினேன். ஒன்பது மணிக்கு எழுத்து, ஒன்பது இருபதுக்கு எண், ஒன்பது நாற்பதுக்குப் பாட்டு. மூன்றாம் நாள் ஒன்பது மணிக்கு ஆளைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் சமையலறை மூலையில் புளியங்கொட்டை டப்பாவைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாகக் குழிப்பணியாரக் கல்லின் குழிகளில் போட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு குழிக்கு ஒரு கொட்டை. நிரம்பியதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மீண்டும் முதலிலிருந்து. அரை மணி நேரம் தலை நிமிரவில்லை. நான் அட்டவணை போட்டுச் சொல்லித்தர நினைத்ததை அவன் பணியாரக் கல்லில் தானே செய்துகொண்டிருந்தான்.

அன்று மாலையே அட்டவணையைக் கிழித்துவிட்டேன். மேசை இப்போது மிக்சியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

விளையாட்டுவழிக் கல்வி என்றால் பிள்ளையைச் சும்மா விளையாட விட்டுவிடுவதா?

பெரும்பகுதி ஆமாம். ஆனால் அந்தச் ‘சும்மா’வுக்குள் மூன்று இருக்கின்றன.

முதலாவது, பிள்ளை தானே தொடங்கித் தானே முடிக்கும் விளையாட்டு. அதில் நமக்கு வேலையில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் வேலை, அது சிரமமான வேலை. இரண்டாவது, நாம் ஒரு சிறிய ஏற்பாடு செய்துவிட்டு ஒதுங்குவது. அகலமான தாம்பாளம், ஒரு சொம்பு, மூன்று டம்ளர், கால் வாளித் தண்ணீர். ஒல்லியான உயர டம்ளரும் குட்டையான அகல டம்ளரும் பக்கத்தில் இருந்தால் போதும், கேள்வி பிள்ளைக்குள்ளிருந்து வரும். மூன்றாவது, வீட்டு வேலை. கீரை ஆய்தல், பட்டாணி உரித்தல், காய்ந்த துணியைப் பிரித்து அடுக்குதல். பெரியவர்களுக்கு இது வேலை. மூன்று வயதுக்கு இதைவிடப் பெரிய விளையாட்டு கிடையாது.

‘விளையாட்டே கல்வி’ என்பதை ஏதோ மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ணுபவர்கள் உண்டு. ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் ஃபுரோபல் 1837இல் சிறுவர்களுக்கான விளையாட்டுக் கூடத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குக் ‘கிண்டர்கார்ட்டன்’ என்று பெயர் வைத்தார் என்பது உண்மை. அதற்கு வெகுகாலம் முன்பே நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். தலையசைத்தாடும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வருகை, நிலாவைக் கூப்பிடும் அம்புலி, பிறகு மணல்வீடு, சிறுபறை, சிறுதேர். பெண் குழந்தைக்குக் கடைசிப் பருவங்கள் மாறும். அம்மானையும் ஊசலும் வரும். பெரும்பாலான பருவங்களின் பெயர் குழந்தை செய்யும் ஒரு செயல் அல்லது ஆடும் ஓர் ஆட்டம். தெய்வங்களிடம் காவல் கேட்கும் முதல் பருவமான காப்பு நம் பயத்துக்கு.

இது மாண்டிசோரி முறையா?

முழுக்க இல்லை. மரியா மாண்டிசோரியிடமிருந்து எடுத்துக்கொண்டது உண்டு, விட்டதும் உண்டு.

1907இல் ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் அவர் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தார். அதற்குள் உலகப் போர் மூண்டது. இத்தாலிக்காரர் என்பதால் ஊர் திரும்ப முடியவில்லை. போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் இருந்து குழந்தைகளோடு பணியாற்றினார். நம் மலைக்காற்றுக்கும் அவருடைய பிற்காலச் சிந்தனைக்கும் தொடர்பு உண்டு என்று நினைக்கும்போது எனக்குச் சிறிய பெருமை.

அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவை: பொம்மைச் சொம்புக்குப் பதில் உண்மையான சிறிய சொம்பு, பிள்ளையின் கைக்கு எட்டும் தாழ்வான தட்டு, ஒரு நேரத்தில் நாலைந்து பொருள்கள் மட்டும் வெளியே, எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கும் பழக்கம். எடுத்துக்கொள்ளாதது, பாசாங்கு விளையாட்டின் மீது அவருக்கு இருந்த அலட்சியம். என் மகன் செப்புச் சாமானில் இல்லாத சாம்பாரைக் கொதிக்கவைத்து, ‘சூடு, ஊதிக் குடி’ என்று எனக்குக் கொடுத்ததை எந்த முறைக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மாண்டிசோரி என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் விற்கும் மரப்பெட்டிகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: உங்கள் அஞ்சறைப் பெட்டியை ஒரு நாள் காலி செய்து கொடுத்துப் பாருங்கள்.

எந்த வயதில் தொடங்கலாம்?

இரண்டரையிலிருந்து மூன்றுக்குள். ஆனால் ‘தொடக்க விழா’ வேண்டாம். பிள்ளை உங்கள் பின்னாலேயே வந்து துடைப்பத்தைப் பிடுங்குகிறதா? தொடங்கியாகிவிட்டது.

ஒரு நாள் எப்படிப் போகும்?

மணிக்கணக்கு இல்லை, வரிசை உண்டு. சிறு பிள்ளைகளுக்குக் கடிகாரம் தெரியாது. ‘இதற்குப் பிறகு இது’ என்பது நன்றாகத் தெரியும். அந்த வரிசை குலைந்தால்தான் அழுகை.

எங்கள் வரிசை இது. காலையில் வாசலில் கோலம். பல் துலக்கி, பால் குடித்து, சமையலறையில் எனக்கு ஒரு வேலை உதவி. சாப்பிட்டதும் கூடத்தில் ஜமுக்காளம் விரிப்போம். ஜமுக்காளம் விரித்தால் விளையாட்டுக் களம் திறந்துவிட்டது என்று பொருள், சுருட்டினால் மூடியாயிற்று. அந்த ஒன்றரை மணி நேரம் அவன் இஷ்டம். பிறகு மொட்டைமாடி அல்லது தெரு. வெயிலேறுமுன் திரும்பிவந்து குளியல், சாப்பாடு, கதை, தூக்கம். மாலையில் பூங்கா.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாள் முழுவதிலுமாக மூன்று மணி நேரமாவது உடலை அசைத்து ஆட வேண்டும், அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்கும் ஆட்டமாக இருக்க வேண்டும். பகல் தூக்கத்தையும் சேர்த்துப் பத்திலிருந்து பதின்மூன்று மணி நேரம் தூங்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக நடந்தால் மீதி நேரத்தில் ‘பாடம்’ என்று தனியாக ஒன்றுக்கு இடமே அதிகம் இருக்காது. மூச்சு வாங்கும் ஆட்டத்துக்கு நாங்கள் நாடியது கல்லா மண்ணா, நொண்டி, கண்ணாமூச்சி. மூன்று வயதுக்காரர்கள் கண்ணாமூச்சியில் ஒளிந்த இடத்திலிருந்தே ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று கத்துவார்கள். திருத்தாதீர்கள்.

வாரத்துக்கு ஒரு தலைப்பு வைத்து நடத்தலாமா?

வைக்கலாம், தலைப்பு வீட்டுக்குள்ளிருந்து வந்தால். ‘விண்வெளி வாரம்’ என்று நானும் ஒரு முறை அட்டையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்தேன். ராக்கெட் செய்தது நான், வேடிக்கை பார்த்தது அவன்.

எங்கள் வீட்டில் நன்றாக ஓடியது வெண்டைக்காய் வாரம். திங்களன்று உழவர் சந்தையில் அவனே பொறுக்கினான். நுனியை ஒடித்துப் பார்க்கும் வித்தையைக் காய்க்காரப் பாட்டி சொல்லிக்கொடுத்தார். வீட்டில் முனையிலிருந்து அரை விரல் நீளம் வெட்டி, மஞ்சள் குழைத்த தண்ணீரில் தோய்த்துப் பழைய நாளிதழில் அச்சுப் பதித்தான். நட்சத்திரம் போல விழுந்தது. மூலைகளை எண்ணினோம், ஐந்து. அடுத்த காயில் ஆறு! அங்கேயே வாய் பிளந்து உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து எந்த வெண்டைக்காயும் எண்ணப்படாமல் குழம்புக்குப் போகவில்லை. கொழகொழப்பைத் தொட்டு ‘மூக்குச்சளி’ என்றான். அதையும் சேர்த்தே கற்றலாக வைத்துக்கொண்டேன். முற்றிய காயின் விதையை எடுத்துத் தயிர் டப்பாவில் ஊன்றினோம். முளைத்தது. இரண்டாவது வாரமும் அதே தலைப்பு நீடித்தது, யாரும் புகார் சொல்லவில்லை.

எண்கள் எப்படி வரும்?

நூறு வரை ஒப்பிக்கும் மூன்று வயதுப் பிள்ளையிடம் ‘நாலு இட்லி எடுத்து வா’ என்று சொல்லிப் பாருங்கள். கை நிறைய அள்ளிக்கொண்டு வரும். ஒப்பிப்பது பாட்டு, எண்ணுவது வேறு. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று விரலும் வாயும் சேர்ந்து நகர வேண்டும். கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்பது புரிய வேண்டும். இந்த இரண்டும் வந்துவிட்டால் மற்றவை தானாக ஏறும். அதற்கு இட்லித் தட்டைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை. குழிக்கு ஒரு கரண்டி மாவு. சாப்பிட ஐந்து பேர், தட்டுக்கு இரண்டு.

ஒரு சிறிய சோதனை, பாடத்துக்காக இல்லை, உங்கள் வேடிக்கைக்காக. ஆறு புளியங்கொட்டையை ஒரு வரிசையாகவும் எதிரே ஆறை இன்னொரு வரிசையாகவும் நெருக்கி வையுங்கள். இரண்டும் சமம் என்று பிள்ளை சொல்லும். இப்போது ஒரு வரிசையை மட்டும் தள்ளித் தள்ளி வைத்து நீட்டிவிட்டுக் கேளுங்கள். நான்கு வயதுப் பிள்ளை பெரும்பாலும் நீண்ட வரிசையைக் காட்டி ‘இதில்தான் அதிகம்’ என்று அடித்துச் சொல்லும். சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே இதை ஆராய்ந்து பெயர் பெற்றார். என் மகன் நாலரை வயதில் அப்படித்தான் சொன்னான். எண்ணிக் காட்டினேன், அதன் பிறகும் ‘ஆறுதான், ஆனால் இது பெரிய ஆறு’ என்றான். பல மாதங்கள் கழித்து அதே கேள்விக்கு என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். நடுவில் நான் எதுவும் சொல்லித்தரவில்லை.

நான்கு வயதுக்கு மேல் பல்லாங்குழி. பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து சோழி என்ற முழுக் கணக்கு முதலில் வேண்டாம். பக்கத்துக்கு மூன்று குழி, குழிக்கு இரண்டு என்று தொடங்குங்கள். தாயக்கட்டையும் அப்படியே.

எப்போது எழுதச் சொல்லித்தருவது? பக்கத்து வீட்டுப் பிள்ளை அ, ஆ எழுதுகிறதே!

இந்தக் கேள்வியைக் கேட்காத அம்மாவை நான் பார்த்ததில்லை. என் மாமியார் வாரம் ஒருமுறை கேட்டார்.

பிறக்கும்போது மணிக்கட்டில் இருக்க வேண்டிய எட்டுச் சிற்றெலும்புகளும் வெறும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட ஆண்டுகள் ஆகும், எட்டும் முடியப் பத்து வயதையும் தாண்டலாம். கையும் கண்ணும் சேர்ந்து இயங்குவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு வயதில் நேர்கோடு, மூன்றில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, நாலரையில் சதுரம், ஐந்தில் முக்கோணம். சாய்கோடு கடைசியில்தான் வசப்படும். ‘அ’ என்ற எழுத்தைப் பாருங்கள்: சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நெடுங்கோடு. மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணித்து இதை எழுதச் சொல்வது ஏணியின் நடுப்படியில் ஏற்றிவிட்டுக் கையை விடுவதற்குச் சமம்.

அதற்குமுன் கைக்கு வேலை வேண்டும். சப்பாத்தி மாவு பிசைதல், ஈரத்துணி பிழிதல், பூண்டு உரித்தல், பூத்தொடுக்க நாரைக் கிழித்தல், இடுக்கியால் கொண்டைக்கடலை எடுத்தல். இவை அத்தனையும் எழுத்துப் பயிற்சிதான்; தாளில்லாத எழுத்துப் பயிற்சி.

கோலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து மாவைப் பிடிக்கும் விதத்தையும் பென்சில் பிடிக்கும் விதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று வயதில் அவனுக்குக் கொடுத்தது புள்ளி வைக்கும் வேலை மட்டும். முதலில் புள்ளி என்று அவன் வைத்தது சின்னச் சின்ன மாவுக் குவியல்கள். விரலைத் தளர்த்தினால் மாவு விழும், இறுக்கினால் நிற்கும் என்பது பிடிபடப் பதினைந்து நாள் ஆயிற்று. பிறகு நான்கு புள்ளி நேராக. நேராக என்றால் அவன் கண்ணுக்கு நேராக, எனக்குப் பாம்பாக. நான்கு வயதில் புள்ளியிலிருந்து புள்ளிக்குக் கோடு. நாலரையில் ஒரு புள்ளியைச் சுற்றிச் சுழி போட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்பினான். கோடு கோட்டோடு சேர்ந்த அந்தக் கணத்தில் என்னை நிமிர்ந்து பார்த்த முகம் நினைவிருக்கிறது. அந்தச் சுழியில் பாதித் தமிழ் எழுத்து இருக்கிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: கடையில் விற்கும் கல்மாவு வேண்டாம், மூக்கில் ஏறும், வாய்க்கும் போகும். பச்சரிசி மாவு கொடுங்கள். எறும்புக்கும் ஆயிற்று.

எழுத்து தொடங்கியபோது 247ஐயும் வரிசையாகப் பிடித்துக்கொள்ளவில்லை. ட, ப, ம என்று பெரும்பாலும் கோடாக வரும் எழுத்துகள் முதலில். இந்த மூன்றோடு இரண்டு மெய் சேர்ந்தால் படம், பட்டம், மடம் என்று முழுச் சொற்கள் கிடைத்துவிடுகின்றன. தான் எழுதியது வானத்தில் பறக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்கு அடுத்த எழுத்தை நாம் தள்ள வேண்டியதில்லை. அவன் எழுதக் கேட்டது ஐந்து வயதை நெருங்கும்போது. பக்கத்து வீட்டுப் பிள்ளையை அவன் எப்போது எட்டிப் பிடித்தான் என்று கேட்காதீர்கள், கவனிக்க மறந்துவிட்டேன்.

ஆங்கிலம்?

பேசத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் இயல்பாகப் பேசட்டும். இல்லையென்றால் இப்போது அவசரமில்லை. வாழைப்பழத்தைக் காட்டி ஆங்கிலப் பெயரும் மஞ்சளைக் காட்டி ஆங்கில நிறமும் ஒப்பிக்கவைப்பது ஆங்கிலமும் ஆகாது, தமிழையும் குறைக்கும். பிள்ளைக்குத் தேவை நீண்ட வாக்கியங்கள், காரணம் சொல்லும் பேச்சு, ‘ஏன்’ என்ற கேள்விக்குச் சலிக்காத பதில். இவை உங்களுக்கு எந்த மொழியில் தடுக்கி விழாமல் வருமோ அந்த மொழியில் பேசுங்கள்.

ஒரே கதையைத் தினமும் கேட்கிறாள். புதிது சொன்னால் அழுகிறாள்.

சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்பதில்தான் அடுத்து என்ன வரும் என்று ஊகித்து ஜெயிக்கும் சுகம் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பாட்டி வடை சுட்ட கதையைச் சொல்லும்போது ஒரு நாள் அலுப்பில் காக்கையைக் கிளையில் உட்கார வைக்காமல் சுவரில் உட்காரவைத்துவிட்டார். ‘சுவர் இல்லை பாட்டி, மரம்’ என்று மூன்று குரல்கள். மற்றொரு நாள் வேண்டுமென்றே நிறுத்தி ‘காக்கை என்ன நினைத்தது?’ என்று கேட்டார். எதிர்வீட்டுச் சிறுமி, ‘வடையைக் காலில் வைத்துக்கொண்டு பாடியிருக்கலாம்’ என்றாள். பாட்டி அன்றிலிருந்து அப்படியே சொல்கிறார். நரிக்குத்தான் நஷ்டம்.

ஐந்து நிமிடம்கூட ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான்.

மூன்று வயதா? உட்கார வேண்டாம்.

ஒற்றைப் பிள்ளை. வீட்டிலேயே வைத்திருந்தால் மற்றவர்களோடு பழகத் தெரியாமல் போய்விடாதா?

இது நியாயமான கவலை, இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வாரத்தில் சில மணி நேரமாவது வேறு பிள்ளைகள் வேண்டும். அதற்காகவே இரண்டு வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டேன்.

ஆனால் எந்த வயதில் என்ன எதிர்பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் பிள்ளைகள் விளையாடுவதைக் கவனித்துப் படிப்படியாக வகைப்படுத்தினார். தனித்து ஆடுவது, நின்று வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் போக்கில் ஆடுவது, பொருளைக் கொடுத்து வாங்கி ஆடுவது, கடைசியாகச் சேர்ந்து திட்டம் போட்டு ஆடுவது. எங்கள் மூவரும் முதல் ஆறு மாதம் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து மூன்று தனித்தனிச் சமையல் செய்தார்கள். வேடிக்கை பார்ப்பதும் ஒரு படி என்பதால், ஓரமாக நிற்கும் பிள்ளையைக் கையைப் பிடித்து நடுவில் தள்ளாதீர்கள்.

சண்டை வரும். ஒரே சொம்புக்காக இருவர் இழுத்தபோது நான் ஓடிப்போய் இன்னொரு சொம்பு கொடுத்தேன். மறுநாள் அதற்கும் சண்டை. அடுத்த முறை பக்கத்தில் உட்கார்ந்து, ‘இரண்டு பேருக்கும் வேண்டும், சொம்பு ஒன்றுதான்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். நீண்ட மௌனம். கீழ்வீட்டுப் பையன், ‘நான் பத்து ஊற்றுவேன், பிறகு அவள்’ என்றான். பத்து என்பது அவன் கணக்கில் பதினேழு. இருந்தாலும் கொடுத்தான்.

நான் வேலைக்குப் போகிறேன். எனக்கு இதெல்லாம் முடியுமா?

பாதி முடியும். காலையில் கோலம் பதினைந்து நிமிடம், இரவில் கதை பதினைந்து நிமிடம், ஞாயிறன்று சந்தை. இவை உங்களுடையவை. நடுப்பகல் தாத்தா பாட்டியுடையது, அவர்கள் இருந்து, உடம்பும் இடம் கொடுத்தால். என் மாமியாருக்கு விளையாட்டுவழிக் கல்வி என்ற பெயரே பிடிக்கவில்லை. ‘முருங்கைக்கீரை ஆய்கிறேன், வருகிறாயா?’ என்று பேரனைக் கூப்பிட்டு முறத்தோடு உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் போவது தெரியாது. பழுத்தது தனி, காம்பு தனி, இலை தனி. வகைப்படுத்துதல் என்று நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் கீரை என்றே அழைத்தார்.

யாருமே இல்லாத வீடு என்றால் குற்ற உணர்ச்சி வேண்டாம். பக்கத்து அங்கன்வாடியை ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் நடப்பவை அவை. சத்துமாவுக்கும் தடுப்பூசிக்கும் மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். ஆட்டமும் பாட்டும் கதையுமாக முன்பருவக் கல்வியும் அவர்களுடைய வேலைதான். நல்ல பணியாளர் வாய்த்த மையம், ஆயிரங்கள் வாங்கிக்கொண்டு மூன்று வயதுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கும் இடத்தைவிட மேல்.

எவற்றைக் கொடுக்கவே கூடாது?

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

மூன்று வயதுக்குள் வாய்க்குள் முழுதாகப் போகக்கூடிய எதுவும் வேண்டாம். புளியங்கொட்டை, கோலிக்குண்டு, நிலக்கடலை எல்லாம் அதில் அடங்கும். முதலில் சொன்ன பணியாரக் கல் விளையாட்டில் என் மகன் கையில் அது கிடைத்தது என் கவனக்குறைவு. மூன்றுக்கு மேலும் நீங்கள் பக்கத்தில் இருந்தால் மட்டும். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். நாங்கள் ஒரு முறை இரவில் மருத்துவமனைக்கு ஓடினோம், காரணம் ஒரு கொத்தமல்லி விதை.

குன்றிமணி அழகானது, சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும். பழைய வீடுகளில் பல்லாங்குழிக்குக்கூட வைத்திருப்பார்கள். அது கொடிய நஞ்சு. மென்றாலோ, ஓட்டை போட்டுக் கோத்ததை வாயில் வைத்தாலோ உயிருக்கு ஆபத்து. வீட்டில் இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். ஆமணக்கு விதை, அரளிக்காய் இரண்டும் அதேபோல் நஞ்சு. மஞ்சாடி வேறு, முழுச் சிவப்பாக இருக்கும். இருந்தாலும் விழுங்கக்கூடிய அளவுதான்.

ஒலி எழுப்பும் பொம்மைகளிலும் ரிமோட்டிலும் இருக்கும் வட்டச் சில்லு பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்தில் அரித்துவிடும். அது உள்ளே போன சந்தேகம் வந்தாலே மருத்துவமனைதான், காத்திருக்கக் கூடாது. தண்ணீர் விளையாட்டு முடிந்தவுடன் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். கால் வாளித் தண்ணீரே ஒரு சிறு குழந்தைக்கு எமன். பால்கனிக் கம்பிக்குப் பக்கத்தில் முக்காலி எதுவும் இருக்கக் கூடாது.

கைப்பேசி காட்டலாமா?

உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வயதுக்குள் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. நான் சமைக்கும்போது இருபது நிமிடம் காட்டியதுண்டு. சாப்பாட்டுக்குக் காட்டவில்லை. அதைத் தொடங்கினால் நிறுத்துவது பெரும்பாடு என்று என் தங்கை வீட்டில் பார்த்திருக்கிறேன்.

வீடு குப்பைமேடாகிவிடுகிறதே?

ஆகும். பழைய படுக்கை விரிப்பை விரித்து அதன்மேல் விளையாட்டு. முடிந்ததும் நான்கு மூலையையும் சேர்த்துத் தூக்கினால் பாதிச் சுத்தம். மீதியைப் பிள்ளைகளே பெருக்குவார்கள், அதாவது பரப்புவார்கள். பிறகு நீங்கள்.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. போகாவிட்டால் சட்டப்படி தவறா? பிறகு இடம் கிடைக்குமா?

தவறில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுக்குத்தான். தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். 2020இன் தேசியக் கல்விக் கொள்கை ஆறு வயது என்கிறது, கேந்திரிய வித்யாலயாக்கள் அதைத்தான் பின்பற்றுகின்றன. ஆகவே எந்தப் பள்ளி என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

நடைமுறைச் சிக்கல் வேறு. பல தனியார் பள்ளிகளில் எல்.கே.ஜி.யே நுழைவாசல், ஒன்றாம் வகுப்பில் காலியிடம் அபூர்வம். தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கான கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இட ஒதுக்கீட்டைக் கேட்பவர்களும் அந்த நுழைவு வகுப்பில்தான் கேட்க முடியும். அரசுப் பள்ளியில் இந்தத் தொல்லை இல்லை. நாங்கள் அங்கேதான் சேர்த்தோம்.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து விளையாடிவிட்டுப் போவது வேறு. கட்டணம் வாங்கிப் பலகை மாட்டினால் அது பள்ளி. அதற்கு அங்கீகாரம், தீயணைப்பு, கட்டடச் சான்று எல்லாம் உண்டு.

சேர்க்கையின்போது பிள்ளையிடம் கேள்வி கேட்பார்களாமே? பயிற்சி கொடுக்க வேண்டாமா?

மத்திய அரசின் பாடத்திட்ட அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2019இல் வெளியிட்ட மழலையர் வழிகாட்டுதல் எழுத்துத் தேர்வோ வாய்மொழித் தேர்வோ இந்த வயதுக்கு எந்தக் காரணத்துக்காகவும் கூடாது என்கிறது. நடப்பது வேறு. முதலில் நாங்கள் ஏறியிறங்கிய ஒரு பள்ளியில் சிவப்புப் பந்தைக் காட்டி ‘இது என்ன?’ என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். என் மகன், ‘காற்று குறைந்திருக்கிறது’ என்று தமிழில் சொன்னான். இடம் கிடைக்கவில்லை. அமுக்கிப் பார்த்தேன், காற்று குறைந்துதான் இருந்தது.

பிள்ளை சரியாக வளர்கிறதா என்று எப்படித் தெரியும்?

நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தேன். தேதி போட்டு ஒரு வரி. ‘இன்று சொம்பிலிருந்து சிந்தாமல் ஊற்றினான்.’ ‘நேற்று என்பதை நாளை என்கிறான்.’ மூன்று மாதம் கழித்துப் புரட்டினால் எந்த மதிப்பெண் அட்டையும் சொல்லாததைச் சொல்லும்.

விளையாட்டு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மூன்று வயதிலும் இரண்டு மூன்று சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பாசாங்கு விளையாட்டே இல்லை, முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை என்றால் ‘ஆண் பிள்ளை, தாமதமாகத்தான் பேசும்’ என்று உறவினர் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். மாவட்டந்தோறும் அரசு நடத்தும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தால் ‘அம்மா, நீ வராதே’ என்று விரட்டுகிறான். என்ன செய்வது?

காபி போட்டுக்கொள்ளுங்கள். அவன் கண்ணில் படாத, ஆனால் அவன் உங்கள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். எங்கள் வீட்டில் அது சமையலறை வாசற்படி. காபி ஆறுவதற்குள் எப்படியும் கூப்பிடுவான். கடையில் சாமான் வாங்க ஆள் வேண்டுமாம்.